காவலும் கண்ணியமும்

விமானப் பிரயாணம் சீமான்களுக்கு மாத்திரம் உரியதாக இருந்த காலம் மறைந்து, துபாய்க்கும் கோலாலம்பூருக்கும் உழைக்கப் போகும் இளைஞனும், பிரசவத்துக்கு ஒத்தாசையாக வெளிநாட்டிலுள்ள மகளிடம் செல்லும் தாயும், சிகிச்சைக்காகக் கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்து திரும்பும் நோயாளியும் ஒரே வரிசையில் நிற்கும் காலம் வந்துவிட்டது. ஆயினும் நம்முடைய விமான நிலையங்களின் சோதனைக் கூடங்கள் மட்டும், திடகாத்திரமான, தனியே பிரயாணம் செய்கிற, ஆங்கிலமோ ஹிந்தியோ அறிந்த, கையில் ஒரு சிறு பையைத் தவிர வேறு சுமை இல்லாத ஓர் ஆண்மகனை மனத்தில் வைத்துக்கொண்டே இன்னும் அமைக்கப்பட்டு வருகின்றன. அந்த ஒருவனுக்குச் சோதனை என்பது சில நிமிஷத் தொந்தரவு. மற்றவர்களுக்கோ முழுப் பிரயாணத்திலும் அதுவே மனம் கலங்கச் செய்யும் பகுதியாக இருக்கிறது. இந்தக் கலக்கம் பாதுகாப்புக்காக நாம் கொடுத்தே தீர வேண்டிய விலை என்று பொதுவாக நம்பப்படுகிறது. அந்த நம்பிக்கை தவறு என்பதும், இட வசதியின் குறையையும் ஆட்களின் குறையையும் யோசனைக் குறையையும் பாதுகாப்பின் பெயரால் பிரயாணியின் தலையில் ஏற்றிவிடுகிறோம் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

சோதனை வேண்டும் என்பதில் இருவேறு கருத்துகளுக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் உள்ளவர்களுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் தேதி இரவு, கொழும்பு செல்லும் விமானத்துக்கென்று ஒப்படைக்கப்பட்டு, உடையவர் ஏறாமற் போனதால் ஒதுக்கி வைக்கப்பட்ட பெட்டிகளில் இருந்த குண்டு மீனம்பாக்கம் நிலையக் கட்டடத்துக்குள்ளேயே வெடித்து, முப்பது பேர்களுக்கு மேல் மாண்டார்கள். மறு ஆண்டு ஜூன் 23ஆம் தேதி, வான்கூவரில் ஏற்றப்பட்டு உடையவர் உடன் வராத ஒரு பெட்டி, ‘கனிஷ்கா’ விமானத்தை அயர்லாந்துக் கரைக்கு அப்பால் நடுவானில் சிதறடித்து, 329 உயிர்களைக் கொண்டு போயிற்று. 1978இல் ஒரு சிறு பிரிவாகத் தோன்றிய சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் 1987 ஏப்ரலில் தனி இலாகாவாக உருப்பெற்றதற்கு அந்தத் துக்கமே காரணம். 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து டில்லிக்குப் புறப்பட்ட விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட பிறகு, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி நிலையங்களின் காவலை ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டது. அந்தப் படையினர் நாள்தோறும் செய்யும் வேலையின் கடுமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு பையின் நிழற்படத்தை விநாடிக்கணக்கில் பார்த்து, இது குற்றமற்றது என்று முடிவு செய்து, உடனே அடுத்த பைக்குக் கண்ணைத் திருப்ப வேண்டிய பொறுப்பு, கண்ணையும் மனத்தையும் களைக்கச் செய்வது.

ஆனால், விதி பிறப்பதற்கு ஒரு காரணம் இருப்பது போல, அக்காரணம் நீங்கியபோது விதி மறைவதற்கும் ஒரு வழி இருத்தல் வேண்டும். 2001 டிசம்பரில் ஒருவன் பாதரட்சைக்குள் வெடிமருந்தை வைத்துக்கொண்டு பாரிஸிலிருந்து அமெரிக்கா செல்லும் விமானத்தில் ஏறினான்; அதன் விளைவாக 2006 முதல் அமெரிக்காவில் அனைவரும் செருப்பையும் பூட்ஸையும் கழற்ற வேண்டியதாயிற்று; அந்த நிர்ப்பந்தம் நீங்குவதற்கு 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் வரையில் ஆயிற்று. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிமருந்துச் சதி ஒன்று பிடிபட்டபோது, திரவப் பொருள் எதுவானாலும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படாத புட்டியில்தான் கையோடு எடுத்துச் செல்லலாம் என்ற வரம்பு ஏற்பட்டு, உலகம் முழுவதும் பரவிற்று. பையைப் பல கோணங்களிலிருந்து வெட்டிக் காட்டும் சி.டி. ஸ்கேன் இயந்திரங்கள் வந்த பிறகு, மடிக்கணினியைப் பையிலிருந்து வெளியே எடுக்க வேண்டிய அவசியமே பல நாடுகளில் அகன்றுவிட்டது; நம் நாட்டிலோ, பெரிய நிலையங்களில் 2023 முடிவதற்குள் அவற்றை நிறுவ வேண்டும் என்று விதித்த கெடு நிறைவேறாமலே கடந்து போயிற்று.

விதியைத் தளர்த்தினால் காவல் தளர்ந்துவிடும் என்ற பயத்துக்கு நம் அநுபவத்திலேயே விடை இருக்கிறது. கைப்பையில் ஓர் அட்டையைக் கட்டி, அதில் முத்திரை குத்தி, அந்த முத்திரை இருக்கிறதா என்று விமானத்தின் வாயில் வரையில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்த வழக்கம் பலருக்கு நினைவிருக்கும். அட்டை அறுந்து விழுந்துவிட்டால், விமானம் புறப்படும் தறுவாயில் மறுபடியும் சோதனைக்கு ஓடி வர வேண்டியிருந்தது. 2017 ஏப்ரலில் டில்லி, பம்பாய் உள்ளிட்ட ஏழு நிலையங்களில் அந்த முத்திரையை விட்டுவிட்டார்கள். கண்காணிக்கும் காமிராக்களும் ஒழுங்கான தடுப்புகளும் இருந்தால் முத்திரை அநாவசியம் என்று கண்டுகொண்டதன் பலன் அது.

இனி, வரிசையின் விஷயத்துக்கு வருவோம். பிரயாணிகளின் துன்பத்தில் பெரும்பகுதி அதில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு சோதனை வரிசையில் ஒரு பிரயாணிக்குச் சராசரி இருபது விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 180 பேர் அதைக் கடக்கலாம். அதாவது ஒரு நடுத்தர விமானத்தின் கொள்ளளவு. ஒரு மணி நேரத்தில் ஆறு விமானங்கள் புறப்படுமானால் 1,080 பேருக்கு ஆறு வரிசைகள் போதுமானவை. அவற்றில் இரண்டு, ஆள் இல்லாமலோ இயந்திரம் பழுதாகியோ மூடிக் கிடந்தால், முதல் மணியின் முடிவில் 360 பேர் பின்தங்குவார்கள். இரண்டாவது மணியின் முடிவில் 720 பேர். மூன்றாவது மணியில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். பிறகு அந்த இரண்டு வரிசைகளையும் திறந்தாலும், தேங்கிய கூட்டம் தானாகக் கரைந்துவிடாது. புறப்பாடுகள் குறையும் வேளை வரும்வரையில், தாமதத்துக்குச் சிறிதும் பொறுப்பில்லாதவர்கள் ஒவ்வொருவராக வந்து அதன் வாலில் நிற்பார்கள். 2022 டிசம்பரில் டில்லியின் மூன்றாவது முனையத்தில் மணிக்கணக்காக ஜனங்கள் நின்று, விமானங்களைத் தவறவிட்டு, மத்திய அமைச்சரே நேரில் வந்து பார்க்க நேர்ந்ததற்குக் காரணம் இந்த எளிய கணக்கே. விடுமுறைக் காலம் வரப்போவது பஞ்சாங்கத்தில் உள்ள விஷயம். விமானங்கள் எத்தனை, இருக்கைகள் எத்தனை என்பது கம்பெனிகளின் அட்டவணையில் உள்ள விஷயம். இரண்டையும் சேர்த்துப் பார்த்து முன்கூட்டி ஆட்களை அமர்த்துவதுதான் நடக்கவில்லை.

நெரிசல் அசௌகரியம் மாத்திரமா என்றால், இல்லை. அது அபாயமும் ஆகும். 2016 மார்ச் 22ஆம் தேதி பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில், சோதனைக்கு முற்பட்ட புறப்பாட்டுக் கூடத்தில், டிக்கெட்டைக் காட்டுவதற்காக நின்றவர்களின் நடுவே குண்டுகள் வெடித்தன. அதே ஆண்டு ஜூன் 28ஆம் தேதி இஸ்தான்புல் அத்தாதுர்க் நிலையத்தின் வாசலிலேயே தாக்குதல் நடந்தது. மீனம்பாக்கத்தில் மாண்டவர்களும் தரையில் இருந்தவர்களே. விமானத்துக்குள் ஆயுதம் போகாமல் காப்பதற்காக ஆயிரம் பேரை ஒரு குறுகிய கூடத்தில் நெருக்கி நிறுத்துவது, ஆபத்தை வானத்திலிருந்து தரைக்கு இடம் மாற்றுவதேயாகும். ஆகவே, வரிசையைக் குறைக்கும் ஒவ்வொரு ஏற்பாடும் பாதுகாப்புக்கான ஏற்பாடே என்பதைப் பொறுப்பில் உள்ளவர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கட்டட நிர்மாணத்தில் உள்ள குறைகளில் பெரியதும், யாராலும் பேசப்படாததும் ஒன்று உண்டு. சோதனை வரிசை தடைப்படுவது பெரும்பாலும் நுழையும் பக்கத்தில் அன்று, வெளிவரும் பக்கத்தில். எக்ஸ்ரே இயந்திரத்திலிருந்து டிரேக்கள் உருண்டு வரும் மேடை நான்கு முழம் நீளம் மாத்திரமே இருந்தால், பெல்ட்டை மாட்டிக்கொண்டும், கைக்கடிகாரத்தைத் தேடிக்கொண்டும், கணினியைப் பைக்குள் திணித்துக்கொண்டும் நிற்கும் மூன்று பேர் போதும், பின்னால் வரும் டிரேக்கள் முட்டிக்கொண்டு நின்றுபோக. டிரேக்களை நகர்த்தும் பெல்ட்டு நின்றால் இயந்திரம் நிற்கும். இயந்திரம் நின்றால் கூடம் முழுவதும் நிற்கும். அந்த மேடையை இரு மடங்கு நீட்டி, அதற்கு அப்பால் உட்கார்ந்து காலணி அணிவதற்குச் சில பெஞ்சுகளைப் போட்டால், இயந்திரத்தையோ ஆட்களையோ கூட்டாமலேயே வரிசை விரைவாக நகரும். நான் சென்ற ஒரு நிலையத்தில், முழங்கால் பிடித்த ஒரு மூதாட்டி, பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லாமல், உட்காரவும் ஒன்றும் இல்லாமல், ஒற்றைக் காலில் நின்று செருப்பை மாட்ட முயன்று தடுமாறினார். அவருக்குக் கை கொடுத்தது பின்னால் நின்ற அந்நியர் ஒருவர். அந்த இடத்திலிருந்து இருபது அடி தள்ளி வாசனைத் திரவியக் கடை ஒன்று, விசாலமாகவும் வெளிச்சமாகவும், சலவைக்கல் தரையோடு இருந்தது.

கடைக்கு இடம் கிடைத்துப் பெஞ்சுக்கு இடம் கிடைக்காமற் போவது தற்செயல் அன்று. விமான நிலையம் என்பது இன்று இரண்டு வகையில் சம்பாதிக்கிறது: விமானங்களிடமும் பிரயாணிகளிடமும் வாங்கும் கட்டணம் ஒன்று, கடை வாடகை, விளம்பரம், வண்டி நிறுத்துமிடம் முதலியவற்றால் வரும் வருமானம் மற்றொன்று. 2016ஆம் ஆண்டின் தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கைப்படி, இரண்டாவது வகை வருமானத்தில் 30 சதவீதத்தைக் கொண்டு கட்டணத்தைக் குறைத்தால் போதும். எஞ்சியது நிலையத்தை நடத்துகிறவருக்கே சேரும். கடை வைக்கத்தக்க ஒவ்வோர் அடியும் காசாகும்போது, காசு ஈட்டாத சோதனைக் கூடம் குறுகுவதும், சோதனையிலிருந்து வெளிவந்தவரை நேராக விமானத்தின் வாயிலுக்கு விடாமல் கடைகளின் நடுவே வளைத்து வளைத்து அழைத்துச் செல்லும் பாதை அமைவதும் அந்தக் கொள்கையின் இயல்பான விளைவுகள். வியாபாரத்தை நான் வெறுக்கவில்லை. சோதனைக் கூடத்துக்கு இத்தனை பிரயாணிக்கு இத்தனை விஸ்தீரணம் என்று கடைக்கு முன்பாகவே ஒதுக்கிவிட்டு, மிச்ச இடத்தில் கடை வையுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

சென்னையில் 2023 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட புதிய முனையத்தில் கோலமும் கோயிற்கலையும் சேலையின் வண்ணங்களும் அலங்காரமாக அமைந்திருக்கின்றன. 1,260 கோடி ரூபாய்ச் செலவில், ஆண்டுக்கு 2.3 கோடியாக இருந்த நிலையத்தின் கொள்ளளவை 3 கோடியாக உயர்த்துவது அதன் நோக்கம். 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட திருச்சி முனையமும் ஸ்ரீரங்கத்தின் சாயலை ஏற்று அழகாகவே இருக்கிறது. நெரிசலான வேளையில் 3,500 பேரைத் தாங்கும் என்று அறிவித்தார்கள். நம் ஊரின் முகம் நம் நிலையத்தில் தெரிவது எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால், அதே சென்னை நிலையத்தில், வாடகைக் காருக்காகப் பெட்டிகளையும் குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு பல மாடி வாகன நிறுத்துமிடம் வரையில் செல்ல வேண்டும் என்ற ஏற்பாடு வந்தபோது, நள்ளிரவில் வந்து இறங்கும் முதியவர் அவ்வளவு தூரம் எப்படிப் போவார் என்ற கேள்விக்குப் பேட்டரி வண்டியில் வரட்டும் என்பதே விடையாயிற்று. வண்டிக்காகக் காத்திருப்பது மற்றொரு வரிசை. திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் செல்கிறவர்களில், வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறுகிறவர்கள் அநேகர். அவர்களுக்குக் கூரையின் கோலத்தைக் காட்டிலும், ‘இப்போது பெல்ட்டைக் கழற்றுங்கள், போனையும் பர்ஸையும் டிரேயில் வையுங்கள், குழந்தையின் பாலைத் தனியே காட்டுங்கள்’ என்று பெரிய தமிழ் எழுத்தில், படத்தோடு, வரிசையின் தொடக்கத்திலேயே எழுதி வைத்த ஒரு பலகை அதிக உபகாரமாக இருக்கும்.

மொழியைப் பற்றிப் பேசுவது அரசியல் என்று சிலர் நினைக்கலாம். 2020 ஆகஸ்டில் சென்னை நிலையத்தில், தமக்கு ஹிந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று சொன்ன பாராளுமன்ற உறுப்பினர் கனிமொழியிடம், நீங்கள் இந்தியர்தானா என்று காவற்பணியாளர் கேட்டதாக அவர் வெளியிட்ட செய்தி தேசமெங்கும் பரவி, படையின் தலைமை விசாரணைக்கு உத்தரவிட்டது. அதிகாரமும் கல்வியும் உள்ள ஒருவர் வாய் திறந்து பேச முடிந்தது. அரைஞாணில் கோத்த தாயத்து மெட்டல் டிடெக்டரில் ஒலித்துவிட, வேறு பாஷையில் மீண்டும் மீண்டும் உரத்த குரலில் கேட்கப்படும் கேள்வி இன்னதென்று விளங்காமல், ஏதோ குற்றம் செய்துவிட்டவர் போல வேஷ்டியைப் பற்றிக்கொண்டு நிற்கும் கிராமத்து மனிதர் யாரிடம் சொல்லுவார்? ஒவ்வொரு வரிசையிலும் வட்டாரத்தின் மொழி அறிந்த ஒருவராவது இருப்பது பாதுகாப்புக்கும் நல்லது. கேள்வி புரியாதவர் தரும் விடையால் காவலருக்கு என்ன பிரயோஜனம்?

பெண்களின் நிலை இன்னும் சங்கடமானது. அவர்களைத் திரையிட்ட கூண்டுக்குள் பெண் காவலரே சோதிக்க வேண்டும் என்பது நல்ல விதி. ஆயினும் ஆண்களுக்கு நாலைந்து மேடைகள் இருக்கும் இடத்தில் பெண்களுக்கு ஒன்றோ இரண்டோ என்று வைத்தால், கைப்பை ஒரு பக்கம் கண்ணுக்கு மறைவில் உருண்டுபோய்க் கிடக்க, அதன் சொந்தக்காரி மறுபக்கத்தில் நீண்ட வரிசையில் தவித்துக்கொண்டு நிற்க நேர்கிறது. பிரயாணிகளில் பெண்களின் பங்கு கூடியிருக்கிறது. கூண்டுகளின் எண்ணிக்கை அதற்கேற்பக் கூடவில்லை.

அங்கக் குறைபாடு உள்ளவர்கள் படும் பாடு இவை எல்லாவற்றையும் விடக் கொடியது. 1981இல் திருச்சி அருகே நேர்ந்த விபத்தில் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலோடு மறுபடியும் மேடையேறி நாட்டியமாடிய சுதா சந்திரன், நிலையங்களில் ஒவ்வொரு தடவையும் அந்தக் காலைக் கழற்றிக் காட்டச் சொல்லுகிறார்கள் என்று 2021 அக்டோபரில் பிரதமருக்கு ஒரு வேண்டுகோளைக் காணொளியாக வெளியிட்டார். பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, செயற்கை உறுப்புகளைக் கழற்றச் சொல்லக் கூடாது என்றும், நடக்க இயலாதவர்களைக் கையால் தூக்கிச் செல்வது மனிதத்தன்மைக்கு ஒவ்வாதது என்றும் சொல்லிற்று. அந்த வழக்கின் ஆதியில் இருப்பவர் ஜீஜா கோஷ். மூளை முடக்குவாத நோய் உள்ளவர். அங்கக் குறைபாடு உள்ளவர்களைப் பற்றிய மாநாட்டுக்காகவே 2012 பிப்ரவரியில் கல்கத்தாவிலிருந்து கோவாவுக்குப் புறப்பட்ட அவரை, விமானத்தில் அமர்ந்த பிறகு இறக்கிவிட்டார்கள். 2016 மே மாதம் கோர்ட்டு அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு விதித்தது.

செயற்கை உறுப்பைக் கழற்றாமல் சோதிக்க வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். 2024 அக்டோபரில், சபரிமலைக்குச் செல்லும் பக்தர்கள் இருமுடியில் உள்ள தேங்காயைக் கையோடு எடுத்துச் செல்லலாம் என்று மத்திய அரசு தாற்காலிகமாக அநுமதித்தது. எக்ஸ்ரேயில் பார்த்து, வெடிமருந்தின் துகள் இருக்கிறதா என்று துடைத்தெடுத்துச் சோதிக்கும் கருவியால் பார்த்து, கையாலும் பார்த்துவிட்டு அநுமதிப்பது என்று ஏற்பாடு. பக்தர்களின் மனம் நோகக் கூடாது என்று எடுத்த அந்த முடிவு மிகச் சரியானது. அதே துகள் சோதிக்கும் கருவியைச் செயற்கைக் காலின் மீது ஒரு தடவை துடைத்துப் பார்ப்பதற்கு ஆகும் நேரம், அந்தக் காலைக் கழற்றி மாட்டும் நேரத்தில் ஒரு சிறு பகுதியே. கருவி நிலையத்தில் இருக்கிறது. கோர்ட்டின் வார்த்தையும் இருக்கிறது. வரிசையில் நிற்கும் காவலருக்கு அதைச் செய்யலாம் என்ற பயிற்சியும் துணிவும்தான் வேண்டியிருக்கின்றன.

இவற்றுக்குப் பணம் எங்கே என்று கேட்பதற்கும் இடமில்லை. 2021 ஏப்ரலில் நிர்ணயித்தபடி, உள்நாட்டில் புறப்படும் ஒவ்வொரு பிரயாணியும் டிக்கெட்டோடு சேர்த்து 200 ரூபாயும், வெளிநாட்டுக்குப் புறப்படுகிறவர் 12 டாலரும் விமானப் பாதுகாப்புக் கட்டணமாகச் செலுத்துகிறார்கள். 180 பேர் கொண்ட ஓர் உள்நாட்டு விமானம் நிறைந்து புறப்பட்டால் 36,000 ரூபாய் சேருகிறது. இப்படிக் கட்டணம் செலுத்துகிறவர்களுக்கு, ஒவ்வொரு நிலையத்திலும் சோதனைக்குச் சராசரி எத்தனை நிமிஷம் ஆயிற்று, எத்தனை வரிசைகள் எத்தனை மணி நேரம் மூடிக் கிடந்தன என்ற விவரங்களை மாதந்தோறும் வெளியிடும் கடமை நிலையத்தாருக்கு உண்டு. விமானங்கள் குறித்த நேரத்தில் புறப்பட்டனவா என்ற கணக்கை வெளியிடும் அரசு, பிரயாணி நின்ற நேரத்தின் கணக்கையும் வெளியிடலாம்.

சிங்கப்பூரின் சாங்கியில் முதல் மூன்று முனையங்களில் சோதனையை விமானத்தின் வாயிலிலேயே வைத்திருக்கிறார்கள்; அந்தந்த விமானத்தின் பிரயாணிகள் மாத்திரமே அந்தந்த வாயிலில் சேருவதால் ஒரே இடத்தில் பெருங்கூட்டம் கூடுவதில்லை. 2017இல் திறந்த நான்காவது முனையத்தில் அவர்களே சோதனையை ஓரிடத்தில் மையப்படுத்தியிருப்பதால், எந்த முறையும் குறையற்றது என்று சொல்ல முடியாது. வாயிலுக்கு ஓர் இயந்திரம் என்றால் செலவும் ஆட்களும் மிகுதி. ஆனால், எது நமக்குப் பொருந்தும் என்பதைக் கட்டடத்தின் வரைபடம் முடிவாவதற்கு முன்பே விவாதித்துத் தீர்மானிக்க வேண்டும். பரந்தூரில் ஆண்டுக்கு 10 கோடிப் பிரயாணிகளுக்கென்று ஒரு நிலையம் எழுப்பத் திட்டமிட்டிருக்கிறார்கள். அந்த நிலத்தின் உழவர்கள் எழுப்பும் கேள்வி வேறு, அதுவும் மிகப் பெரியது. அதை இங்கே போகிற போக்கில் தொடுவது அவர்களுக்கு நியாயம் ஆகாது. நிலையம் எங்கே எழுந்தாலும், சோதனைக் கூடத்தின் வரைபடத்தை ஒரு மைதானத்தில் முழு அளவில் சுண்ணாம்பால் கோடிட்டு, சக்கர நாற்காலியில் வருகிறவரையும், கைக்குழந்தையோடு வரும் தாயையும், கண் தெரியாதவரையும், முதல் தடவையாக அயல்நாட்டுக்குப் போகும் தொழிலாளியையும் அந்தக் கோடுகளின் வழியே நடக்கச் செய்து, அவர்கள் எங்கே தயங்குகிறார்கள், எங்கே உட்கார இடம் தேடுகிறார்கள் என்று கட்டடச் சிற்பிகளும் காவற்படை அதிகாரிகளும் உடனிருந்து குறித்துக்கொள்ளட்டும். இப்போதும் புதிய முனையங்களைத் திறப்பதற்கு முன்னால் பிரயாணிகளைக் கொண்டு ஒத்திகை பார்க்கிறார்கள். ஆனால் அது கட்டடம் எழும்பி முடிந்த பிறகு நடப்பதால், மேடையின் நீளத்தையோ கூடத்தின் அகலத்தையோ மாற்ற வழியில்லாமற் போகிறது. அந்த ஒத்திகையை அஸ்திவாரத்துக்கு முன்னால் கொண்டுவரும்படி, ஒப்பந்தப் பத்திரத்திலேயே ஒரு ஷரத்தைச் சேர்க்க வேண்டும்.